இடைவெளிகளும் சேர்த்து

எங்கள் கணக்கில் ஒரு பக்கம் என்பது
ஆயிரத்து நூற்று இருபத்தைந்து எழுத்துகள்,
இடைவெளிகளும் சேர்த்து.
சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே
ஒன்றுமே இல்லாத இடத்துக்கும்
எனக்குக் கூலி உண்டு.
வருகிறவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவேன்,
பின்னால் பேச்சு வரக் கூடாது பாருங்கள்.

கிதான்ஸ்கில் ஜார்ஜிய மொழிக்கு
அரசு முத்திரை வைத்திருப்பவர்கள் மூன்று பேர்.
ஒருவர் படுத்த படுக்கை.
இன்னொருவர் போனை எடுப்பதில்லை.
ஆகவே சியூரி என்னிடம் வந்தாள்,
பூட்ஸில் மார்ச் மாதச் சேற்றோடும்
பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கல்யாணத்தோடும்.

கணவன் முர்மன், லாரி ஓட்டியவன்.
துறைமுக வாசலில் வரிசையில் நின்றபோது
ஸ்டியரிங்கில் தலை சாய்த்தான்.
தூங்கிவிட்டான் என்று எண்ணி
பின்னால் நின்றவன் ஹார்ன் அடித்தானாம்,
நெடுநேரம்.

இறப்புச் சான்றிதழில் ஒரு கட்டம்:
மணமாகாதவர்.
யார் நிரப்பியது, யாருக்கும் தெரியவில்லை.
கட்டத்தைக் காலியாக விடும் பழக்கம்
அங்கே இல்லை.

“விதவை என்று பதிய வேண்டும்” என்றாள்.
“அதற்கு முதலில் நீங்கள் மனைவியாக வேண்டும்” என்றேன்.
சொன்ன பிறகுதான்
அது என் காதிலேயே விழுந்தது.

பதினாறு வருடம், இரண்டு பிள்ளைகள்,
குதாயிசியில் பாதி எழும்பிய ஒரு மாடி.
இந்த நாட்டின் ஏட்டில்
அது இன்னும் நடக்காத கல்யாணம்.
அவனுடைய கடைசி மாதச் சம்பளம்
கம்பெனி மேசையில்
ஒரு மனைவிக்காகக் காத்திருந்தது.

அவள் பெயரின் முதல் ஒலிக்கு
அவர்கள் மொழியில் எழுத்து ஒன்று.
பாஸ்போர்ட்டில் இரண்டு.
போலிஷ் மொழியில் மறுபடி ஒன்றே போதும்.
எல்லைக்கு எல்லை கனத்தும் இளைத்தும் வந்தவளை
ஒரே ஆள்தான் என்று எழுதித்தர
எனக்கு அதிகாரம் கிடையாது.
அடிக்குறிப்பு போடலாம். போட்டேன்.

தாளில் இருப்பதையெல்லாம் எழுத வேண்டும், அதுதான் விதி.
வட்ட முத்திரை, நீலம், விளிம்பு தேய்ந்தது.
அப்போஸ்டில், சதுரம், எண் தெளிவு.
இடது கீழ்மூலையில் கறை, செந்நிறம்.

“அதையுமா?”
“அதையும்தான்.”
“அது கறையில்லை. அவனுடைய மாமா
கொம்புக் கிண்ணத்தை ஆட்டி ஆட்டி
கால் மணி நேரம் வாழ்த்தினார்.
பாதி ஒயின் மேசைவிரிப்பு குடித்தது.”
திரவக் கறை, என்று தட்டினேன்.

மணமகன் கையொப்பம்: வாசிக்க இயலாதது.

“எனக்கு வாசிக்க முடிகிறதே” என்றாள்.
உறைமேல் விரல் வைத்துக் காட்டினாள்.
இங்கே தொடங்குகிறான்,
இங்கே பேனா நின்றிருக்கிறது,
இந்த வாலை எப்போதும் இப்படித்தான் இழுப்பான்,
கடன் சீட்டில்கூட.

இருபத்திரண்டு வருடமாக எழுதிவரும் சொல்.
அன்று கொஞ்சம் தயங்கினேன்.
அழிக்கவில்லை.

வியாழக்கிழமை, பதிவு அலுவலகம்.
ஏட்டில் ஏற்றி முடித்ததும்
வியெஸ்வாவ் எழுந்து கையை நீட்டினார்:
“வாழ்த்துகள்.”
தினம் பத்து ஜோடிக்குச் சொல்லிப் பழகிய வாய்.
காது சிவந்து உட்கார்ந்து
இறப்பைத் திருத்தும் படிவத்தைத் தேடினார்.
பிரிண்டரில் தாள் தீர்ந்திருந்தது.
எடுத்துவர மாடிக்குப் போனார்.

அப்போது மணி பதினொன்று பத்து.
அவர் திரும்பி வந்தது பதினொன்றரைக்கு.

அந்த இருபது நிமிடமும்
ஜன்னலோர நாற்காலியில்
கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு
இந்த நாட்டில் கணவன் உள்ளவளாக
உட்கார்ந்திருந்தாள் சியூரி.

காப்பி வாங்கிவரட்டுமா என்றேன்.
“கொஞ்சம் பொறுங்கள்” என்றாள்,
என்னைப் பார்க்காமலே.